ஒன்பதை விற்று ஒன்றை வைத்தவர்கள்

கச்சிராயபாளையம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு வாங்க இரண்டே இடம்தான். ஒன்று, வெளியூர் முதலாளியின் பெரிய மாவு ஆலை. மற்றது, முந்நூறு விவசாயிகள் ஆளுக்குப் பத்துப் பங்கு போட்டு நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியின் சின்ன ஆலை. சின்னது இருந்ததால்தான் பெரியது ஒழுங்கான விலை கொடுத்தது. அந்தச் சின்னதைத் தன்னோடு இணைத்துக்கொள்ள முதலாளி கிளம்பியதும் கம்பெனித் தலைவி அம்சவள்ளிக்குப் பயம் பிடித்தது. வாங்க ஒரே ஆள் என்றால் அவன் வைத்ததுதானே விலை?

முதலாளிக்காக உள்ளூரில் ஓடியாடியவர் பொன்னுரங்கம். அவரும் உறுப்பினர், முப்பது ஏக்கர்காரர். மூன்று மடங்கு விலை தந்து பங்குகளைத் தன் பெயருக்கு வாங்கிக் குவித்தார். போர் போட, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று தேவைப்பட்டவர்கள் விற்றார்கள். அம்சவள்ளி ஒருவரையும் தடுக்கவில்லை.

"ஒம்போது வித்துக்கோங்க. ஒண்ணு வூட்ல இருக்கட்டும். அது இருந்தாத்தான் நீங்க மெம்பரு" என்று மட்டும் சொல்லிப் பங்கு மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம்தான். பொன்னுரங்கத்திடம் காசு வாங்கிய கை நாளைக்கு யார் பக்கம் தூக்கும்?

இணைப்பை முடிவு செய்ய உறுப்பினர்கள் கூடிய அன்று கல்யாண மண்டபத்துக்குப் பொன்னுரங்கம் மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"இன்னாத்துக்கும்மா மீட்டிங்கு? மூவாயிரத்துல ரெண்டாயிரத்துக்கு மேல எங்கிட்ட கீது."

ஆடிட்டர் விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் சம்மதித்தால்தான் இணைப்பு. சேர்ந்த அன்றே எல்லோருக்கும் கொடுத்த புத்தகம்தான். பொன்னுரங்கம் அதைத் திறந்ததே இல்லை.

"அப்ப நான் கொட்ன காசு?"

"டிவிடெண்ட்டு வரும்ண்ணே. ஓட்டு வராது" என்றாள் அம்சவள்ளி. மண்டபமே சிரித்தது.

இணைப்பு வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் ஆடிட்டர். பொன்னுரங்கம் தூக்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரோடு சேர்த்துப் பதினோரு கை. வேண்டாம் என்பவர்கள் என்றதும் மண்டபம் முழுக்கக் கை. அவருக்கு முதலில் விற்ற கொளஞ்சியம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஒரு கைதான்மா!" என்று கெஞ்சினார் ஆடிட்டர்.

அம்சவள்ளி எல்லோர் முன்னாலும் அழுதாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாரம் கிழங்கைத் தன் பக்கம் இழுக்கப் பெரிய ஆலை மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏற்றியது. அம்சவள்ளி அதற்கு மேல் பத்து ரூபாய் கூட்டினாள். மறுநாள் காலை சின்ன ஆலை வாசலில் முதல் ஆளாகக் கிழங்கு இறக்கியது பொன்னுரங்கத்தின் டிராக்டர்.