கல்லுக்குள் இருந்த கடைவாய்ப்பல்

என் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சி.டி. ஸ்கேன் எடுப்பவள். பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. அங்கே ஆயாக்கள் முதல் தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் 'ஸ்கேனக்கா'. சொந்தக்காரர்கள் மத்தியில்தான் கதை வேறு. "அவளா? ஆஸ்பத்திரில போட்டோ எடுக்கிறா" என்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு இயந்திரத்தின் குணமறிந்து வேலை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை அவள் இதுவரை நாலு முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அஞ்சாவது முறை சொன்னாலும் கேட்பேன்.

அன்று மியூசியத்திலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்தார். ஆதிமனிதர்களின் எலும்புகளை ஆராய்பவர். கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவே ஒரு மண்டையோடு. ஏதோ குகையில் கிடைத்தது. ரெண்டு லட்சம் வருஷமாவது இருக்கும் என்றாராம். உள்ளே முழுக்கக் கல் அடைத்திருந்தது. முகத்திலும் தாடையிலும் கல் பொருக்குப் பொருக்காகப் படிந்து, தோல் சுருங்கின மாதிரி தெரிந்ததால் மியூசியத்தில் அதற்குக் 'கிழவர்' என்று பெயர். உளி வைத்தால் கல்லோடு எலும்பும் பெயர்ந்து வந்துவிடும். அதனால் முப்பது வருஷமாக யாரும் கை வைக்கவில்லை. ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்தாயிற்று. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று ஒரே கட்டிதான்.

"இங்கேயும் வரலன்னா விட்டுடலாம்னு இருக்கேம்மா" என்றார் பேராசிரியர்.

என் மனைவி அந்த மண்டையோட்டைப் படுக்கையில் வைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் மைக்கை அழுத்தி, "அசையாம படுத்திருங்க" என்று சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு லட்சம் வருஷமா அசையலம்மா. இனிமேலா அசையப்போறார்?"

முதல் ஸ்கேனிலும் வெள்ளைக் கட்டிதான் வந்தது. பேராசிரியரின் சிரிப்பு அடங்கிவிட்டது. காலிப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் இவள்.

படத்தின் மேல் அம்புக்குறியை ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் வந்த எண்ணைப் படித்தாள். எந்தப் பொருள் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு அந்த இயந்திரம் ஓர் எண் கொடுக்கும். தண்ணீருக்குப் பூஜ்யம், நம் எலும்புக்கு ஆயிரம் சொச்சம். மூவாயிரத்தைத் தாண்டினால் அதற்கு மேல் எண்ணத் தெரியாது, எல்லாமே வெள்ளைதான். இங்கே கல், எலும்பு இரண்டுமே அந்த உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

"சார், இடுப்புல இரும்பு வச்சவங்க வருவாங்க. அவங்களுக்குன்னு இந்த மிஷின்ல வேற ஒரு அளவு இருக்கு. எண்ணிக்கையை இன்னும் மேல கொண்டு போகும். உங்க ஆளையும் இரும்பு வச்ச ஆளா நெனச்சுக்குவோம்."

உயிருள்ள ஆளென்றால் கதிர் அதிகமாகிவிடுமோ என்று பயந்து பயந்து எடுக்க வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. சக்தியை உச்சத்துக்கு ஏற்றினாள். அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுப் படம் என்று வைத்து, மெதுவாக ஓட விட்டாள். இயந்திரம் சூடாகி நடுவில் இரண்டு முறை நின்றது. அது ஆறும் வரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு படம் வந்தது. கல் ஒரு சாம்பல் நிறம், எலும்பு வேறொரு சாம்பல் நிறம். நடுவில் மூளை இருந்த இடம் கிண்ணம் மாதிரி துலக்கமாகத் தெரிந்தது. உட்காதின் சுருள்கூட இருந்தது. பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

இவள் கீழே தாடைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

வாரத்துக்கு நாலு குழந்தைகளாவது மாடிப்படியிலோ சைக்கிளிலோ விழுந்து, தலையில் அடிபட்டு இவளிடம் வரும். அந்தத் தாடைகள் இவளுக்கு அத்துப்படி.

"சார், இது கிழவர் இல்ல. குழந்தை."

"என்னம்மா சொல்றீங்க? புருவத்து எலும்பு எவ்வளவு தடியா இருக்கு பாருங்க."

"புருவம் எனக்குத் தெரியாது சார். பல்லு தெரியும். முளைச்ச கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாடி இன்னொண்ணு எலும்புக்குள்ளயே இருக்கு. வேர் அடியில மூடவே இல்ல."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"என்னங்க, பாப்பாவை வாயைத் திறக்கச் சொல்லுங்க."

நான் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "எதுக்கு? பல்வலியா?"

"சொன்னதைச் செய்யுங்களேன். டார்ச் அடிச்சுப் பாருங்க. கடைசியில என்ன இருக்கு?"

எங்கள் மகள் பாப்பாவுக்கு ஒன்பது வயசு முடிந்து இரண்டு மாதம். ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, வாயைத் திறக்க வைத்தேன். "பெருசா ஒரு பல்லு. அதுக்குப் பின்னாடி வெறும் ஈறுதான்."

"கோரைப்பல்?"

"பால் பல்லுதான். ஆடுது."

"அய்யோ அப்பா, குத்துது!" என்றது பாப்பா.

அந்தப் பக்கத்தில், "இங்கேயும் அப்படியேதான் சார்" என்று அவள் சொல்வதும், பேராசிரியர் "அடேயப்பா!" என்பதும் எனக்கே கேட்டது. போன் கட்டாகிவிட்டது. ஒன்றும் புரியாமல் நானும் பாப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஸ்கேன் முடிந்து மண்டையோட்டை எடுக்கும்போது, தன்னையறியாமல் பிடரிக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்கினாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும்.

பேராசிரியர் அவசரப்படவில்லை. பல் ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டினார். மூன்று பேரும் வயசு எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் என்றார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சின்ன வயசிலேயே புருவத்து எலும்பு தடிக்க ஆரம்பித்துவிடுமாம். அவ்வளவு பழங்காலத்துக் குழந்தையின் தலை முழுசாகக் கிடைப்பது அபூர்வமாம். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்தது என் மனைவியின் பெயர்.

போன மாதம் அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் முனைவர்கள். என் மனைவி முதல் வரிசையில், நானும் பாப்பாவும் மூன்றாவது வரிசையில். இஸ்திரி போட்ட சட்டை எனக்கு வியர்த்து நனைந்துவிட்டது; ஏதோ நான்தான் பேசப்போகிற மாதிரி.

பேராசிரியர் பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "நாங்களும் எங்க மண்டையோட்டை ஸ்கேன் பண்ணோம். வெள்ளையாத்தான் வருது. நீங்க எப்படிப் பண்ணீங்க?"

"நான் எதுவும் பண்ணல. பண்ணவங்க இங்கதான் இருக்காங்க" என்று பேராசிரியர் மைக்கைக் கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுத்தார்.

அவள் எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். முதல் இரண்டு வார்த்தை தடுமாறியது. பிறகு ஆஸ்பத்திரியில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வது போலவே, எண், சக்தி, வெட்டு, இயந்திரம் ஆறுகிற நேரம் என்று பத்து நிமிஷம் சொன்னாள். முனைவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "யாருங்க இவங்க?" என்று காதோரம் கேட்டார்.

"என் சம்சாரம்" என்றேன். மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் முடித்ததும் இன்னும் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. உட்காரப் போனவள் நிமிர்ந்து நின்று, "ஒவ்வொருத்தரா கேளுங்க" என்றாள்.