பாராட்டுக்கு மார்க் கிடையாது

தாடை மேடத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பல்கலைக்கழகத்தில் குரல் பயிற்சி வகுப்பு எடுக்க வந்த நாளிலிருந்து "தாடையைத் தளர விடு" என்று அவள் சொன்னதை யாராவது எண்ண ஆரம்பித்திருந்தால், எண்ணியவனின் தாடை இந்நேரம் கழன்றிருக்கும். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் இப்படிக் கூப்பிடுவது அவளுக்கும் தெரியும். இதைவிட மோசமாக எதையும் வைக்காமல் விட்டார்களே என்று கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டாள்.

பகலில் வாத்தியார், சாயங்காலம் பாடகி. சொல்லிக்கொள்ள எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! பட்டுப் பார்த்தால்தானே தெரியும். இருப்பது ஒரே ஒரு தொண்டை. காலையிலிருந்து அதை மாணவர்களுக்காகத் தேய்த்துவிட்டு, மிச்சம் மீதியை மேடைக்கு எடுத்துப் போக வேண்டும். அவளுடைய கணவர் பல் மருத்துவர். அவருடைய கிளினிக் பல்கலைக்கழகத்துக்கும் கச்சேரி அரங்கத்துக்கும் நடுவழியில் அமைந்தது ஒன்றுதான் அவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். எக்ஸ்ரே அறையில்தான் மேடைக்கு உடை மாற்றிக்கொள்வாள். வெளியே வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, எக்ஸ்ரே அறையிலிருந்து பளபளவென்று தோடும் மாலையுமாக ஒருத்தி இறங்கி வந்தால் பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்காதா? ஒரு பெரியவர், எக்ஸ்ரே எடுத்தால் இதெல்லாம் போடுவீர்களா என்று டாக்டரிடம் கேட்டேவிட்டார்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு வரும்போல இருந்தது. ஊர் ஊராகக் கச்சேரி நடத்தும் பெரிய ஏற்பாட்டாளர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். அடுத்த வருஷம் முழுக்கத் தன்னுடைய குழுவில் அவள்தான் முதன்மைப் பாடகி என்றார். வெள்ளிக்கிழமைக் கச்சேரியை ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டால் பேச்சை முடித்துவிடலாம் என்றார். பத்து வருஷமாக இப்படி ஒருத்தர் வர மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவள் அவள். ஆனால் அவரோடு போனால் பல்கலைக்கழக வேலையை விட்டாக வேண்டும். துறைத் தலைவர் ஏற்கெனவே முடிவாகச் சொல்லியிருந்தார், இனி கச்சேரி என்று ஒரு நாள் லீவு கேட்டாலும் அப்படியே போய்விடலாம் என்று. அவர் இசை வரலாறு எடுப்பவர். அவர் பாடத்தில் வருகிற பாடகர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள், அதனால் யாரும் லீவு கேட்டதில்லை. உயிரோடு பாடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வேலையை விட அவளுக்கு என்ன தயக்கம்? சம்பளம் இல்லை, அது ஏற்பாட்டாளர் இன்னும் கூடத் தருவார். தயக்கம் இரண்டாம் வருஷத்து வகுப்பு. பத்தொன்பது பேர். வரும்போது ஆளுக்கொரு சுருதியில் கத்திக்கொண்டு வந்தவர்கள். இரண்டு வருஷமாக அவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்தப் பிள்ளைகளின் காதில் ஏதாவது ஏறியிருக்கிறதா, இல்லை தான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோமா என்பது அவளுக்கே தெரியவில்லை. ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று கணவரிடம் சொன்னாள். பல் மருத்துவர், முதலில் உன் கடைவாய்ப் பல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்க மாட்டார், வாயைப் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தாள். இந்த வாரம் ஊரில் எந்தக் கச்சேரிக்காவது போக வேண்டும், பாடியவரின் குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். போன தடவை எழுதிக் கொடுக்கச் சொன்னபோது பத்தொன்பது பேரும் "அருமையாக இருந்தது" என்று ஒரே வரியைத் தந்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் இந்தத் தடவை ஒரு சட்டமே போட்டாள். பாராட்டுக்கு மார்க் கிடையாது. குறைக்குத்தான் மார்க்.

எல்லாம் சரி. அந்த வாரம் ஊரில் நடந்த ஒரே கச்சேரி அவளுடையது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை! வகுப்புக்கு ஒரு மூளை, மேடைக்கு ஒரு மூளை என்று வைத்துக்கொண்டு வாழ்கிறவள், ஒரு மூளை செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் இரண்டு வரிசை முழுக்க அவளுடைய வகுப்பு. நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான பையன் ஒரு ஓரத்தில், எதையும் வாய்க்குள்ளேயே சொல்லி முணுமுணுப்பு என்று பெயர் வாங்கியவள் மறு ஓரத்தில். பத்தொன்பது பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, குறை எப்போது வரும் என்று தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் சட்டென்று திரையை இழுத்து மூடினாள்.

போதாக்குறைக்கு அன்று காலையில்தான் நெட்டைக்கு மேல் ஸ்தாயிக்கு எப்படி ஏறுவது என்று காட்டியிருந்தாள். அவன் ஏறுவதற்கு முன்னால் தோளைத் தூக்குவான். தூக்காதே என்றால் இன்னும் தூக்குவான். இப்படி இல்லப்பா, இப்படி, இப்படி இல்லப்பா, இப்படி என்று அவளே பாடிப் பாடிக் காட்டி, மத்தியானம் ஆவதற்குள் சாயங்காலத்துக்கு வைத்திருந்த குரலையெல்லாம் அவனுக்கே செலவழித்துவிட்டாள். அவன் கடைசி வரை தோளைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டில், உச்சிக்கு ஏறும் இடத்தில் சுருதி இறங்கியது. அதிகமில்லை, ஒரு மயிரிழைதான். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அந்த ஸ்வரத்தை அதற்கு மேல் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கும்போதே அவள் கண் அந்த இரண்டு வரிசைக்குத்தான் போனது. ஒருத்தனும் அசையவில்லை. ஒருத்தியின் புருவம்கூட நெளியவில்லை. பக்கத்தில் இருப்பவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது பேரும் சிலை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் ஏற்பாட்டாளர் பூங்கொத்தோடு ஓடி வந்தார். இரண்டாவது பாட்டில் மேலே போனாளே, அந்த இடத்தில் தனக்கு மெய்சிலிர்த்துவிட்டது என்றார். அதே இடம்! எல்லாம் முடிவாகிவிட்டது, திங்கட்கிழமை மதியத்துக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவள் சிரித்து, நன்றி சொல்லி, பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனால் சோற்றில் கல் கடித்த மாதிரி ஏதோ ஒன்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அவள் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. பாடகியாக யோசித்தால், நல்லவேளை, ஒருவரும் கவனிக்கவில்லை. வாத்தியாராக யோசித்தால், பாவிகளா, ஒருவருமா கவனிக்கவில்லை? அவர்கள் அதைக் கேட்டிருந்தால் அவள் மானம் போச்சு. கேட்கவில்லை என்றால் இரண்டு வருஷம் போச்சு. இதில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. குளிக்கப் போனவள் பாதியில் வெளியே வந்து கணவரிடம் கேட்டாள்.

"நீங்க முன் வரிசையிலதானே இருந்தீங்க. ரெண்டாவது பாட்டுல ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. சொத்தை ஆரம்பிச்சிருக்கு."

அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவரிடம் போய்க் கேட்டோமே!

திங்கட்கிழமை வகுப்பு. ஜன்னல் சாத்தாத அறை, ஓரத்தில் ஒரு பழைய பியானோ, சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் வகுப்பு. அவள் எதுவும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்றாள். முதலில் நெட்டை எழுந்தான். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது என்றான். சரி, பாடியவரிடம் குறை என்ன என்று கேட்டாள். அவர் இன்னும் இரண்டு பாட்டு பாடியிருக்கலாம் என்றான். அடுத்தவள், அரங்கத்தில் குளிர் அதிகம் என்றாள். அதற்கடுத்தவன், கச்சேரி இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே பெரிய குறை என்றான். ஒருத்தி தோட்டைப் பற்றிச் சொன்னாள், தோடு மிக நன்றாக இருந்ததால் பாட்டில் கவனம் போகவில்லையாம். ஐஸ் வைக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? முக்கால்வாசிப் பேர் முடிப்பதற்குள் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

இனிமேல் பொறுக்க முடியாது என்று எழுந்து நின்றாள். தானே போய் மாட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் எழுந்தாள். மறைத்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் தெரியாமல் போனால் காலத்துக்கும் மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

"ரெண்டாவது பாட்டு. உச்சிக்கு ஏறின இடம். அங்க என்ன நடந்துச்சு?"

பக்கத்து அறை டிரம்ஸ் மட்டும் டம்டம் என்றது. ஒருவன் செருப்பைப் பார்த்தான், ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். நெட்டை எதையோ சொல்ல வந்து மென்று முழுங்கினான். ஆக, கேட்கவில்லை. ஒன்றும் ஏறவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போகட்டும், கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தாள்.

அப்போது முணுமுணுப்பு வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னாள். தாடை மேடம் அவளைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.

"சுருதி இறங்குச்சு மேடம். எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்ப ஏன் ஒருத்தர்கூட அசையல?"

"மேடையில இருக்கறவங்க தவறும்போது பக்கத்துல திரும்பிப் பார்க்காதீங்க, அது அவங்களுக்கு அங்கேருந்து தெரியும்னு முதல் வருஷத்துலயே நீங்க சொன்னீங்க மேடம். அதான் அசையாம இருந்தோம். எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு."

அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். இன்டர்னல் மார்க் மேடம் கையில் இருக்கிறது என்று ஒருவன் ஒளிக்காமல் சொன்னான். நெட்டைதான் விஷயத்தை உடைத்தான்.

"நீங்க வேலையை விட்டுட்டுப் போறீங்கன்னு பேசிக்கிறாங்க மேடம். போறவங்ககிட்ட குறை சொல்லி அனுப்ப மனசு வரல."

அவள் பையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும் என்று நன்றாகவே துடைத்தாள். ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? சும்மா இறங்குச்சு என்றால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எவ்வளவு இறங்கியது, பாடிக் காட்டு என்றாள்.

நெட்டை பாடினான். இல்லை, அவ்வளவு இறங்கவில்லை, மேடத்தை அநியாயமாகப் பேசாதே என்று முணுமுணுப்பு சண்டைக்கு வந்தாள். வந்தவளும் பாடிக் காட்டினாள். இன்னொருவன், நீ கூட்டிப் பாடுகிறாய், அப்படிப் பார்த்தால் தப்பே இல்லையே என்றான். பத்தொன்பது பேரும் எழுந்து ஒருவரையொருவர் திருத்தி, கையால் ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். எல்லாரும் சேர்ந்து அந்த ஸ்வரத்தைப் பிடித்தார்கள். அச்சு அசலாக அதே. வெள்ளிக்கிழமை அவள் இறங்கிய அதே மயிரிழை. ஒரு தப்பை இவ்வளவு சரியாக யாரும் பாடி அவள் கேட்டதில்லை. ஒருவன் குரலும் பிசகவில்லை, ஒருத்தியின் தாடையும் இறுகவில்லை. நெட்டைகூடத் தோளைத் தூக்கவில்லை.

பியானோ மேல் வைத்திருந்த செல்போன் அடித்தது. ஏற்பாட்டாளர். மதியம் ஆகப்போகிறது, பதில் என்ன என்றார். அவளுக்கு என்ன தோன்றியதோ, ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு நிமிஷம் இதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பத்தொன்பது பேரும் மறுபடி அதே ஸ்வரத்தை, அதே மயிரிழை இறக்கத்தோடு, நீளமாக இழுத்துப் பாடினார்கள்.



"அடேயப்பா," என்றார் ஏற்பாட்டாளர். "அன்னைக்கு நீங்க பாடினது அப்படியே இருக்கு மேடம். எனக்கு மறுபடியும் மெய்சிலிர்க்குது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அடக்க முடியாமல் முணுமுணுப்பு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். பக்கத்து அறை டிரம்ஸ்கூட நின்றுவிட்டது. ஏற்பாட்டாளர், என்ன மேடம், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், நல்ல மனிதர், மனசாரத்தான் பாராட்டினார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனைக் காதுக்கு எடுத்துப் போனாள். வருஷம் முழுக்க வர இயலாது, விடுமுறை நாட்களில் மட்டும் வருகிறேன் என்றாள். முதன்மைப் பாடகியை விடுமுறைக்கு மட்டும் வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது, வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். பாருங்கள் என்றாள். போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் பத்து வருஷத்து ஆசை ஒன்று வலித்தது. வலிக்காமல் எப்படி இருக்கும்? சிரிப்பு அடங்கும்வரை பியானோவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிறகு நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, மாணவர்கள் பாடும்போது நிற்கிற இடத்தில் போய் நின்றாள்.

"இதுவரைக்கும் சொன்ன எதுக்கும் மார்க் கிடையாது. முதல்லேருந்து வாங்க. நான் எங்கெங்க தப்புப் பண்ணேன்?"

பத்தொன்பது கைகளும் மேலே போயின.