யாருமில்லை என்று எழுதிய கட்டம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது. வீடும் இல்லாமல் குடியையும் விட முடியாமல் தெருவில் கிடந்தவர்களுக்கென்று ஒரு விடுதி. அதற்கு அரசு நிதியை நிறுத்தப் போகிறது. விடுதிப் பொறுப்பாளர் என் அக்கா. "நீதான் எழுதுறவனாச்சே, ஒரு மனு எழுதிக் குடேன்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். 'உணர்ச்சி அதிகம், விவரம் குறைவு' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. விமர்சகர்கள்கூட என்னை இப்படிக் கேவலப்படுத்தியதில்லை.

2
முதல் தொடக்கம்: பனி மூடிய அந்தக் காலையில், பன்னிரண்டு கட்டில்களும் ஏதோ ஒரு...
(வேண்டாம். பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.)

3
நடந்தது இதுதான். ஆண்டறிக்கையில் 'மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்கள்' என்றொரு கட்டம். அக்கா அதில் 'யாருமில்லை' என்று எழுதி, பெருமை தாங்காமல் அடிக்கோடும் போட்டாள். ஒரு வருஷம் பன்னிரண்டு பேரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், போடாமல் என்ன செய்வாள்? 'பிரச்சினை தீர்ந்துவிட்டதால் நிதி தேவையில்லை' என்று பதில் வந்தது. மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்க வேண்டுமாம்.
[அடிக்குறிப்பு: இதை நான் கற்பனை செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று அடித்திருப்பார்.]

4
அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான டிரைவர் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. லாரியை விட்டுப் பத்து வருஷமாகிறது, குடியை விட்டுப் பதினொரு மாதம். ரொம்ப நல்லவராக இருக்கிறார், எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே அக்காவின் அறைக்கு வந்து நின்றார்.

"அக்கா, அந்தக் கட்டத்துல ஒரு ஆள் இருந்தா பணத்தை நிறுத்த மாட்டாங்கல்ல?"

"ஏன் கேக்குற?"

"நான் வேணா போய்க் குடிச்சிட்டு வந்துடறேன். ஒரே ஒரு நாள். மத்தவங்களுக்காவது கட்டில் இருக்கும்ல."

அக்கா கையிலிருந்த ஃபைலை மேசையில் அறைந்தாள். "யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு நாளோட நிக்கிற ஆளா நீ?"

"நிக்க மாட்டேன்தான். அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

5
முடிவு ஒன்று: அக்கா 'ஒருவர்' என்று பொய் எழுதுகிறாள். உடனே ஆதாரம் கேட்பார்கள். அந்த ஒருவர் யார்?

முடிவு இரண்டு: அமைச்சர் மனம் மாறி... (எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு மூன்று: டிரைவர் நிஜமாகவே போய்...

மாட்டேன். நான் எழுதினால் அவர் குடித்தவராகிவிடுவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மேல்முறையீட்டுப் படிவம் அக்காவின் மேசையில் கிடக்கிறது. அதிலும் அதே கட்டம். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பதில் தெரியாமல் கழற்ற மாட்டாராம். எனக்கு எரிச்சலில் தலை வெடிக்கிறது. நீங்களாவது சொல்லுங்கள், என்ன எழுதட்டும்? கொஞ்சம் சீக்கிரம். எதிரே மதுக்கடையில் ஷட்டரைத் தூக்குகிறார்கள்.