ஏழாம் நம்பர் மலையில் பறித்த வாய்ப்பாடு

1957 டிசம்பர் முதல் வாரத்தில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலையில் பறித்த தேயிலையைக் குடித்தவர்கள் எல்லோரும் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தார்கள். முதலில் ஒப்பித்தவர் தொழிற்சாலையின் டீமேக்கர். வழக்கம்போல் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு, நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். "ஓர் பதினாறு பதினாலு" என்று வந்தது. பயந்துபோய் வாயைப் பொத்தினார். விரல் இடுக்குகள் வழியாகவும் கணக்கு வந்துகொண்டே இருந்தது. இருநூற்று ஐம்பத்து நாலில்தான் நின்றது. மறுநாள் பங்களாவில், தமிழில் இரண்டு சொல்லுக்கு மேல் அறியாத துரையம்மா விருந்தினர் முன்னால் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, முழு வாய்ப்பாட்டையும் சொன்னாள். துரை டாக்டருக்கு ஆள் அனுப்பினார். வந்த டாக்டருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

கணக்குத் தெரிந்தவர்களை இன்னும் அதிர வைத்தது, அந்த வாய்ப்பாடு தப்பாக இருந்ததுதான். ஒவ்வொரு வரியிலும் சரியாக இரண்டு குறைந்தது.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியர் றோலண்ட் மாஸ்டர், ஆண்டு இறுதிப் பரீட்சைக்கு முந்திய மாதம் ஒரு சட்டம் போடுவார்: பிள்ளைகள் அன்றைய பாடத்தை வீட்டில் ஒப்பிக்க வேண்டும், பெற்றவர்கள் கேட்டுத் திருத்த வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பூரணியின் தாய் அம்மாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகள் தேறாவிட்டால் ஜனவரியில் அவள் பெயரைக் கொழுந்து பறிக்கிற ஆட்களோடு பதிந்துவிடுவார்கள் என்பது தெரியும். அதனால் விடியற்காலையில் அடுப்படியில் பூரணி சொல்லச் சொல்ல வாய்ப்பாட்டைக் காதால் வாங்கிக்கொண்டு, அது மறந்துபோகாமல் இருக்க நாள் முழுக்கச் செடிகளிடம் சொல்லிக்கொண்டே கொழுந்து பறித்தாள். செடிகள் கேட்டுக்கொண்டன. ஆனால் பதினெட்டு வருடமாக அவள் கேட்டு வந்த எண்கள் எல்லாம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்டவை. அங்கே எந்த எடை சொன்னாலும் கூடைக்கு என்று இரண்டு றாத்தல் கழித்த பிறகுதான் அது எண் ஆகும். மத்தியானம் ஆவதற்குள் அவள் வாயில் பதினாறாம் வாய்ப்பாடும் அப்படியே ஆகிவிட்டது. மாலையில் மகள் சரியாகச் சொன்னதையெல்லாம் திருத்தினாள்.

"ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டும்மா."

"நூத்திப் பத்துடி. கூடைக்குக் கழிக்காம ஒனக்கு யாரு குடுப்பா?"

தோட்டத்து ஆட்களுக்கு இதில் எதுவும் ஆகவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது சல்லடையின் அடியில் விழுகிற தூசு. அது எதையும் சொல்லவில்லை. கொழும்பில், வரிசையாகக் கோப்பைகளை வைத்துச் சுவை பார்க்கிற வெள்ளைக்காரர்கள் ஒன்பது பேர் ஒரே குரலில் ஒப்பித்ததாகத் தந்தி வந்தது. துரை அதை நாலு தரம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை செல்லசாமி ஏழாம் நம்பர் மலைக்கு ஓடி, செடிகளிடம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் முன்னால் நின்றார்.

"வாயக் கட்டிக்கிட்டுக் கொழுந்து எடு. தொரை உத்தரவு."

"வாயக் கட்டுனா கணக்கு மறந்திருமுங்க ஐயா. வெள்ளிக்கெழம பரீட்ச. அது வரைக்கும் பொறுத்துக்கங்க."

"கொழும்பே கையக் கட்டிக்கிட்டு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு நிக்குது, ஒனக்குப் பரீட்சையா?"

"சொல்லட்டுமே ஐயா, வெள்ளக்காரனுக்கும் கணக்கு வரட்டும்" என்றாள் அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்த காளியாயி. பெண்கள் சிரித்தார்கள். செல்லசாமியே அம்மாக்கண்ணுவின் வாயில் சாக்குத் துண்டைக் கட்டிவிட்டுப் போனார். அவர் திருப்பத்தில் மறைந்ததும் காளியாயி ஆரம்பித்தாள். பிறகு நிரை முழுவதும் சொல்லியது. இரண்டு குறைத்துத்தான் சொல்லியது. அவர்களுக்கும் எண் என்றால் அதுதான்.

வெள்ளிக்கிழமை பரீட்சை எடுக்க வித்தியாதிகாரி வந்தார். விற்க முடியாத தேயிலையைத் தோட்ட உத்தியோகத்தர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். றோலண்ட் மாஸ்டர் வீட்டில் வேறு தூள் இல்லை. மலையேறி வந்த அதிகாரிக்குச் சுடுதண்ணீர் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதிகாரி இரண்டு மிடறு குடித்துவிட்டு, பூரணியை எழுப்பி, "பதினாறாம் வாய்ப்பாடு" என்றார். அவள் வாயைத் திறக்கும் முன் அவரே எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டார். கண்கள் பிதுங்க, வேர்த்து வழிய, கடைசி வரை சொன்னார். மாஸ்டர் கையிலிருந்த பிரம்பு கீழே விழுந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

 அம்மா சொன்னதையே இப்போது அதிகாரியும் சொல்லிவிட்டார். அதையே சொன்னால் தேறிவிடலாம் என்று பூரணிக்குத் தோன்றியது. ஆனாலும், "ஐயா கூடைக்குக் கழிச்சிட்டீங்க" என்று தொடங்கி, ஓர் பதினாறு பதினாறிலிருந்து ஒரு றாத்தலும் குறையாமல் ஒப்பித்தாள். அதிகாரி தன் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பெயருக்கு எதிரே தேறினாள் என்று எழுதினார். 

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அம்மாக்கண்ணு, வாயில் கட்டிய சாக்கோடு ஜன்னலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டாள். கூடைக்குக் கழிக்காமலும் எண்கள் இருக்க முடியும் என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்த வாரம் அந்தத் தோட்டத்தில் அதிர்ந்தவர்களிலேயே அதிகம் அதிர்ந்தவள் அவள்தான். சாக்கை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

பூரணி ஹட்டனில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் வந்து பாடங்களைத் தாயிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஐந்து வருடங்களில் ஏழாம் நம்பர் மலைத் தேயிலை உலகத்து நதிகளையும், இலங்கையை ஆண்ட அரசர்களையும், உலோகங்களின் குறியீடுகளையும் சொல்லியது. துரை மாறிப் போனார். புதிய துரை அந்தத் தேயிலைப் பெட்டிகளில், உள்ளே இருப்பது எந்த வகுப்புப் பாடம் என்று வகுப்பு எண்ணை அச்சிட்டார். டிசம்பரில், படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகள் அதைக் கேட்டு வாங்கின. யாரும் தந்தி அடிக்கவில்லை.

1962 டிசம்பரில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற வழியில் பூரணிக்கு எல்லாம் மறந்துவிட்டது. தன் பெயரைத் தவிர ஒரு சொல்லும் தலையில் இல்லை. ஹட்டன் ஸ்டேசனுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, தூசில் இல்லாமல் ஏழாம் நம்பர் மலையின் நல்ல இலையில் போட்ட தேநீர் குடித்தாள். அவள் வாய் அம்மாக்கண்ணுவின் இழுவையோடு சரித்திரத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. பக்கத்து மேசையில் இரண்டு சாரதிகள் அதே ஆண்டுகளை முணுமுணுத்தபடி பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பரீட்சையா புள்ள?" என்றார் கடைக்காரர், கேத்தலை எடுத்துக்கொண்டு. "இன்னொரு கோப்ப குடிச்சிட்டுப் போ. மத்தியானம் பூமிசாஸ்திரம் இருக்குமே."