எழுப்பிவிடும் மருந்து

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அப்பால், கணினித் திரையைப் பாதி எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, புற்றுநோய் டாக்டரம்மா. இப்பால், நோயாளிக்கென்று போட்டிருந்த கைவைத்த நாற்காலியில் அக்காவின் கணவரான மாமா. அதில் அக்காதான் உட்கார்ந்திருக்க வேண்டும். பதற்றத்தில் அவர் முந்திக்கொண்டார். அக்கா பக்கத்து ஸ்டூலில், பையை மடியில் வைத்தபடி. நான் கதவை ஒட்டி, எடை பார்க்கும் கருவிக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவில், காகிதமும் பேனாவுமாக.

டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதி அனுப்புவது என் பொறுப்பு. தொலைபேசியில் அவரிடம் எதையும் சொல்லி முடிக்க முடியாது. முதல் வாக்கியத்திலேயே "ஐயையோ" என்று ஆரம்பித்து, மீதியை அவரே கற்பனை செய்துகொண்டு அழுதுவிடுவார். காகிதத்தை இடைமறிக்க முடியாது அல்லவா? அதனால் பெரிய விஷயமெல்லாம் கடிதம்தான்.

இந்த முறை விஷயம் பெரியதுதான். பெருங்குடலில் வெட்டியெடுத்த கட்டி, அக்காவின் கல்லீரலில் மறுபடி தலைகாட்டியிருந்தது. வழக்கமான மருந்து எதற்கும் அது மசியவில்லை. புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதுவும் அண்ணன் ஊரிலுள்ள பெரிய மருத்துவமனையில் மட்டும். மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். வாடகைக்கு அறை எடுக்க எங்களால் ஆகாது. அண்ணன் வீட்டு மாடியறை கிடைத்தால் சிகிச்சை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"நம்ம எல்லாரோட மரபணுத் தொகுதியிலயும் ஊர்சுத்தித் துண்டுகள் நிறைய இருக்கும்மா" என்றார் டாக்டர். "தன்னைத்தானே நகலெடுத்து வேற இடத்துல போய் ஒட்டிக்கும். முக்கால்வாசி எப்பவோ செத்துப்போச்சு. மிச்சத்தை உடம்பு எழும்பவிடாம வச்சிருக்கும்."

அக்கா அச்சகத்தில் பக்கம் அமைப்பவள். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"எங்க ஆபீஸ்லயும் நடக்கும் டாக்டர். ஒரு பக்கத்துப் பத்தி இன்னொரு பக்கத்து நடுவுல போய் உட்கார்ந்துக்கும். எனக்கு எந்தப் பக்கத்துல உட்கார்ந்துச்சு?"

"செல் கண்டபடி பெருகாம நிறுத்தற பிரேக் மாதிரி ஒரு மரபணு இருக்கு. அதோட நடுவுல. கட்டிக்குள்ள மட்டும்தான். பிறவியில வந்ததில்ல."

"பிழை திருத்தறவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

டாக்டர் சிரித்தார். "அதுக்குன்னு சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் இருக்கு. அந்த ஊர்சுத்திங்களோட எழுத்துக்குப் பொருந்தற எழுத்து அதுங்ககிட்ட இருக்கும். தேடிப்போய் ஒட்டிக்கிட்டு வாயை அடைச்சிடும். உங்க கட்டியில அதுல பல வகை ரொம்பக் குறைஞ்சுபோச்சு."

"மொத்தமா லீவு போட்டுட்டாங்க" என்றாள் அக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ இந்தப் புது மருந்து அதுங்களை அடக்கி உட்கார வைக்குமா?"

"இல்ல சார். இன்னும் நிறைய எழுப்பிவிடும்."

மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரேயடியா எழும்பினா, வைரஸ் புகுந்துடுச்சுன்னு நினைச்சு அந்த செல்லே கூச்சல் போடும். அதைக் கேட்டு உடம்போட எதிர்ப்புச் சக்தி வந்து கட்டியை அடிக்கணும். அதுதான் எங்க கணக்கு. சிலருக்கு வந்துச்சு, பலருக்கு வரல. நல்ல செல்லுலயும் எதையாவது எழுப்பிடுமான்னு கேட்டா, எழுப்பாதுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சும்மா இருந்தாலும் அது என்னைத் தின்னுட்டுத்தானே இருக்கு? சேர்ந்துக்கறேன்."

நாங்கள் எழுந்தோம். நான் கதவைத் திறந்த பிறகுதான் டாக்டர் கேட்டார்: "தங்கப்போற வீட்டுல கர்ப்பிணி யாரும் இல்லையே? ஊசி போட்ட பிறகு சில நாளைக்கு உங்க வாந்தி, சிறுநீர், அழுக்குத்துணி எதையும் அவங்க தொடக்கூடாது. கழிப்பறையும் தனியா இருக்கணும்."

"யாரும் இல்ல டாக்டர்" என்றார் மாமா, அவர் சொல்லி வாய் மூடுவதற்குள்.

அண்ணன் வீட்டிலேயே இருக்கும் அவர் மகள் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கியது. அந்த வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை, அதுவும் கீழே.

அக்கா மருந்துச்சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது மாமா என்னை ஓரமாக இழுத்தார்.

"மாப்ளே, அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் எழுதாதே. படிச்சா உங்கண்ணன் வாசக்கதவுக்கே பூட்டு போட்டுடுவாரு. அந்த ஆளு தும்மினாலே ஸ்கேன் எடுக்கறவரு."

"புள்ளைத்தாச்சி இருக்கற வீடு மாமா."

"நான் கூடவே இருப்பேன். நானே துவைப்பேன், நானே கழுவிவிடுவேன். உனக்கு அவ அக்கா. எனக்கு அவளை விட்டா யாருடா இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிசைப்படி எழுதினேன். நோய் நிலவரம், மருந்து வேலை செய்யும் விதம், தெரிந்த ஆபத்து, தெரியாத ஆபத்து, தங்கும் காலம். பிறகு பேனா நின்றது. எழுதினால் அக்காவுக்கு அறை போய்விடும். எழுதாவிட்டால் அந்தப் பெண் ஒன்றும் அறியாமல் அத்தையின் போர்வையை அள்ளிக்கொண்டு போய் ஊறவைப்பாள். அவள் சுபாவம் அப்படி. 'மற்றபடி அனைவரும் நலம்' என்று எழுதி முடித்துவிட்டேன்.

அக்கா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தாள்.

"கதவுகிட்ட சொன்னது எங்கே?"

"எது?" என்றார் மாமா.

"நடிக்காதீங்க. அங்கேயே உங்களை மறுத்திருக்கணும். பிழைக்கணும்னு எனக்கும் ஆசை, வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்த ஆசை இருந்துச்சு."

"பத்திரமா இருந்துக்கலாம்டி."

"ராத்திரி வாந்தி வந்தா மாடியிலேருந்து இறங்கி ஓடணும். வழியில சிந்தினா? அந்தப் பொண்ணு மிதிச்சுக்கிட்டு நடக்கணுமா?"

"அப்போ நீ?" என்றார் மாமா. "நீ செத்தா பரவாயில்லையா?"

"செத்துட்டா உங்களுக்குத் துவைக்கிற வேலை மிச்சம்."

மாமா எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தவர் முகத்தைத் துடைக்கவில்லை. "எழுது மாப்ளே" என்றார். "டாக்டருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், பொய் சொன்னேன்னு."

டாக்டர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் தனித்தாளில் எழுதினேன். அடியில் என்ன சேர்க்கட்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"இடம் இல்லைன்னா இல்லைன்னு மட்டும் எழுதச் சொல்லு. நாலு பக்கத்துக்குச் சமாதானம் வேண்டாம்."

"கோபப்பட மாட்டேன்னு போடட்டுமா?"

"படுவேன். அதை ஏன் பொய்யா எழுதணும்?"

அவளே கையெழுத்திட்டாள். மாமா உறையை வாங்கிப் பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தபால் நிலையத்துக்கு மூவருமே நடந்து போனோம். கவுன்டரில் இருந்தவர் உறையை எடைபோட்டு, முத்திரை குத்தி, பின்னால் பார்க்காமலே சாக்குக்குள் எறிந்தார்.