சூரியன் வந்தால்தான் இட்லி

விடிவதற்கு முன்பே எழுந்து பிஸ்கட் கேட்கும் மகளை அடக்க ஜினேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த வழி கடைசியில் அவன் தலையிலேயே விடிந்தது.

ஜினேந்திரனுக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில், ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில். மனைவி ப்ரியதர்ஷினி ஆஸ்பத்திரி நர்ஸ். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்பிவிடுவாள். ஆகவே மகள் மாலினியை எழுப்பி, பல் தேய்த்து, குளிப்பாட்டி, ஊட்டி, சாந்தாமணி அக்காவின் டே கேரில் விட்டுவிட்டு பஸ் பிடிப்பது அவன் பொறுப்பு. மாலினிக்கு வயது இரண்டரை. அவள் பிடிவாதத்துக்கு வயது இருபத்தைந்து இருக்கும்.

அவர்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, பொழுது விடியுமுன் வாயில் எதுவும் போடுவதுமில்லை. இந்தப் பழைய வழக்கத்தைத்தான் ஜினேந்திரன் பிஸ்கட்டுக்கு எதிராக எடுத்துவிட்டான். ஜன்னலைத் திறந்து இருட்டைக் காட்டி, "பாரு, சூரியன் வரல. சூரியனப் பாக்காம நம்ம வூட்டுல யாரும் சாப்பிட மாட்டோம்" என்றான்.

மாலினி உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதுவரை அவன் சொன்ன எதையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

கோடை முழுக்கத் திருவிழாதான். எதிர் மாடிக்கு மேல் சூரியன் தலை காட்டும். "வந்துச்சு!" என்று மாலினி கத்துவாள். கத்திய வாய் மூடுவதற்குள் ஜினேந்திரன் இட்லியை உள்ளே தள்ளிவிடுவான். "புள்ளைய வளக்குறதுல ஒரு டெக்னிக் இருக்குது" என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தான்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. சூரியன் லீவு போட்டுவிட்டது.

"சூரியன் வந்தாச்சுடா செல்லம்."

"எங்க?"

"மேகத்துக்குப் பின்னாடி."

மேகத்துக்குப் பின்னாடி போகும் வழி மாலினிக்குத் தெரியவில்லை. எட்டிய இடங்களில் தேடினாள். கதவுக்குப் பின்னாடி பார்த்தாள். பீரோவுக்குப் பின்னாடி கையை விட்டு ஒரு ஒட்டடையையும் தொலைந்துபோன சாக்ஸையும் எடுத்தாள். "இல்ல" என்று கையை விரித்தாள்.

பால் மட்டும் குடிப்பாள். குடிப்பது சாப்பிடுவதில் சேராது என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். மெல்லுகிற எதுவும் உள்ளே போகாது. சுவரில் டார்ச் அடித்துக் காட்டினான். "அது டார்ச்சு" என்றாள். போனில் சூரியன் படம் காட்டினான். "அது போனு." பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து மொட்டைமாடிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, மழையில் நனைந்தபடி "வந்துச்சு, வந்துச்சு" என்று குதித்தான். "அப்பா, தட்டு நனையுது" என்று மாலினி வருத்தப்பட்டாள்.

ப்ரியதர்ஷினிக்குப் போன் போட்டான். "நீங்கதானே ஆரம்பிச்சு வச்சீங்க, நீங்களே முடிச்சு வைங்க. எனக்கு வார்டுல ரவுண்ட்ஸ்" என்று அவள் வைத்துவிட்டாள்.

மழை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்த அந்த வியாழக்கிழமைதான் வட்டார மேலாளர் அப்பாதுரை புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் கிளைக்கு வருவதாக இருந்தது. விழுப்புரம் கிளையில் ஒரு இடம் காலி. அது கிடைத்துவிட்டால் ஜினேந்திரன் வீட்டிலிருந்து நடந்தே ஆபீஸ் போகலாம். பஸ் இல்லை, ஓட்டம் இல்லை, மாலினி ஆற அமர மெல்லலாம். அந்த இடத்துக்காக அவன் மூன்று மாதமாகத் தவம் கிடந்தான். பக்கத்து சீட் சீனுவாசன் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தான்.

"காரணம் கேப்பாரு. புள்ளைன்னு மட்டும் சொல்லிடாத. ஆம்பளைக்குப் புள்ள ஒரு காரணமான்னு சிரிச்சிடுவாரு. முதுகுவலி, டிஸ்க் நகந்துடுச்சு, பஸ்ல உக்காந்துக்கினு வர முடியலன்னு அடிச்சு வுடு."

அந்த முதுகுவலியை ஒத்திகை பார்த்தபடியே ஜினேந்திரன் மகளைத் தூக்கிக்கொண்டு டே கேர் வாசலுக்கு வந்தான். சாந்தாமணி அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

"சாப்பிட்டுச்சா?"

"இல்லக்கா. டப்பாவுல இட்லி இருக்குது, நீங்க கொஞ்சம்..."

"யப்பா, ஆள வுடு. நேத்து இது பண்ண வேல தெரியுமா? சூரியன் வரல, யாரும் சாப்பிடாதீங்கன்னு சொல்லிடுச்சு. அத்தினி புள்ளைங்களும் டிபன் பாக்ஸ மூடிட்டு ஜன்னலப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்துச்சுங்க. பெத்தவங்க எல்லாம் என்னப் புடிச்சு வாங்கினாங்க. பெரிய பேஜாரா பூட்ச்சு தம்பி. ஊட்டிட்டு இட்டுக்கினு வா, உள்ள வுடறேன்."

கதவு மூடிக்கொண்டது. வேறு வழி? ஒரு தோளில் ஆபீஸ் பை, மறு தோளில் மாலினி, கையில் இட்லி டப்பா. திண்டிவனம் பஸ்ஸில் ஏறினான். விக்கிரவாண்டி வரை மாலினி ஜன்னலில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கண்டக்டர் மட்டும், "புயலாம்மா, ரெண்டு நாளைக்கு வராது" என்று உண்மையைச் சொல்லி ஜினேந்திரனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

அப்பாதுரை அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர். மேஜைமேல் வரும் வழியில் கிளியனூரில் வாங்கிய மெதுவடைப் பொட்டலம். விடிகாலையில் கிளம்பிய மனிதர், பசி முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"இது யாருய்யா?"

"என் பொண்ணு சார். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

"சரி, உக்காரு" என்று சொல்லி அவர் பொட்டலத்தைப் பிரித்தார். வடை வாய்க்குப் போகும் வழியில் மாலினி மேஜையை ஓங்கித் தட்டினாள்.

"தாத்தா! சூரியன் வரல. சாப்பிடக் கூடாது!"

வடை பாதி வழியில் நின்றது. முப்பது வருஷ சர்வீஸில் அப்பாதுரையை யாரும் அப்படி அதட்டியதில்லை. வடையைக் கீழே வைத்தார். மறுபடி மெதுவாக எடுத்துப் பார்த்தார். மாலினி உதட்டைப் பிதுக்கினாள். அழுகையின் முதல் சுருதி கேட்டது. வடை மறுபடி பொட்டலத்துக்கே போய்விட்டது.

"சரி, விஷயத்துக்கு வா" என்றார் எரிச்சலுடன். "விழுப்புரம் எதுக்கு உனக்கு?"

ஜினேந்திரன் முகத்தைச் சுளித்து இடுப்பில் கை வைத்தான். "முதுகுவலி சார். டிஸ்க் நகந்துடுச்சு. குனியக்கூட முடியல. டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டாரு."

முதுகு என்ற சொல் காதில் விழுந்ததும் மாலினிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்பா, குதிர!" என்று கை தட்டினாள். தினமும் காலையில் பாத்ரூமுக்குப் போவதென்றால் அவள் அப்பா முதுகென்ற குதிரைமேல்தான் போவாள். ஆறு மாதப் பழக்கம். அவள் "குதிர" என்றதும் ஜினேந்திரனின் உடம்பு மூளையைக் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, நாலு காலில் நின்று, அவள் ஏறிக்கொண்டதும் வழக்கம்போல ஒரு கனைப்பும் கனைத்துவிட்டான். மேஜையை ஒரு பாதிச் சுற்று சுற்றியபோதுதான் எதிரே அப்பாதுரையின் செருப்பைப் பார்த்தான்.

"டிஸ்க் நல்லாத்தான் வேல செய்யுது" என்றார் அப்பாதுரை மேலிருந்து.

தரையில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது ஜினேந்திரனுக்கு. முதுகின்மேல் இருந்த மகளின் சின்னக் குதிகால்கள் விலாவில் இடித்துக்கொண்டிருந்தன. எழுந்து பேசவும் வெட்கமாக இருந்ததால் குதிரையாகவே பேசினான்.

"பொய் சொல்லிட்டேன் சார். முதுகுல ஒண்ணும் இல்ல. இவளுக்கு ஊட்டணும் சார். காலைல இவளுக்கு நான்தான், வேற யாரும் இல்ல. தினமும் பஸ்ஸுக்காக இவ வாயில திணிச்சுக்கினே ஓடறேன். நாலு நாளா சரியா சாப்பிடல. எனக்கு வேலயே ஓடல சார். அதான் காரணம்."

அப்பாதுரை "ம்" என்றார். அவனுடைய மாற்றல் விண்ணப்பத்தை இழுத்து முன்னால் வைத்தார். கண்ணாடியைப் போட இடைஞ்சலாக இருந்த குல்லாவைக் கழற்றினார். தலை முழு வழுக்கை. ஒரு முடி, பேருக்குக்கூட இல்லை. படிக்கக் குனிந்தார். நேர் மேலே எரிந்த டியூப் லைட் அத்தனையும் அந்தத் தலையில் வந்து இறங்கியது.

"வந்துச்சு!" என்று குதிரைமேலிருந்து ஒரு கூச்சல். "சூரியன் வந்துச்சு!"

மாலினி வாயை ஆவென்று திறந்தாள்.

அப்பாதுரையின் கையில் பேனா அந்தரத்தில் நின்றது. ஜினேந்திரன் மன்னிப்புக் கேட்க வேண்டும், காலில் விழ வேண்டும் (அதற்கு வசதியாகக் காலடியில்தான் இருந்தான்), மகளை வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் நாலு நாளாக இட்லிக்குத் திறக்காத வாய் திறந்திருக்கிறது. எந்த நொடியும் மூடிக்கொள்ளும். விழுப்புரம் போனால் போகட்டும் என்று தோன்றியது அவனுக்கு. மகளை நாற்காலியில் நிறுத்தி, டப்பாவைத் திறந்து முதல் துண்டை ஊட்டிவிட்டான்.

மாலினி மென்றாள். விழுங்கினாள். மறுபடி ஆவென்றாள்.

அப்பாதுரை கோபத்தோடு தலையை நிமிர்த்தினார். வெளிச்சம் போயிற்று. வாய் பட்டென்று மூடிக்கொண்டது. அவர் மாலினியைப் பார்த்தார். ஜினேந்திரனின் கையில் காத்திருந்த இட்லித் துண்டைப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு மறுபடி குனிந்தார். வாய் திறந்தது.

குனிந்தபடியே விண்ணப்பத்தைப் படித்தார். குனிந்தபடியே கையெழுத்துப் போட்டார். குனிந்தபடியே சீலும் குத்தினார். மாற்றல் ஆகிவிட்டது. ஜினேந்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"யோவ்" என்றார் அப்பாதுரை, தலையை அசைக்காமல். ஒரு கை மட்டும் மெல்ல நகர்ந்து வடைப் பொட்டலத்தைத் தேடியது. "இன்னும் எத்தினி வாய்யா? கழுத்து வலிக்குது."

"ரெண்டே வாய்தான் சார், அப்படியே இருங்க" என்றான் ஜினேந்திரன். டப்பாவில் இன்னும் மூன்று இட்லி முழுசாக இருந்தது.