திரைக்குப் பின்னால் ஓர் இருமல்

பழங்கால எருசலேம் தேவாலயத்தின் மாதிரியை, ஆள் நடந்து போகும் அளவில், சபை மண்டபத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரவேலை தச்சருடையது, துணிவேலை தையற்காரியுடையது. முன்னால் பலிபீடம்; அதைத் தாண்டினால் விளக்குத்தண்டு, அப்ப மேசை, தூபபீடம்; எல்லாவற்றுக்கும் அப்பால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அந்த அறையை மறைக்கும் கனத்த திரையைத்தான் அவள் தைத்தாள்.

"உள்ளே என்ன வைக்கப் போறீங்க, ஐயா?" என்று போதகரைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. பத்துக் கட்டளைப் பலகை இருந்த உடன்படிக்கைப் பெட்டி போனப்புறம் அந்த அறை காலியாத்தான் இருந்துச்சு. பிரதான ஆசாரியரைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. இயேசு உயிர் விட்டப்போ இந்தத் திரைதான் மேலேருந்து கீழ் வரைக்கும் கிழிஞ்சுது. மனுஷன் கிழிச்சிருந்தா கீழேருந்துதானே கிழிச்சிருப்பான்? கூட்டத்தன்னைக்கு நாமும் கயிறு கட்டி மேலேருந்து இழுக்கப் போறோம். நடுத்தையலை மட்டும் லேசாப் போட்டுடு."

அவள் கணவன் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்த்தவன். கப்பல் போனது போனதுதான். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் நினைவு ஆராதனை நடத்தி முடித்துவிட்டார்கள். இவள் நடத்தவில்லை. "முகத்தைப் பாக்காம எப்படி அழறது?" என்பாள். மாமியார் அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

திரையை மாட்டிய மத்தியானம் தச்சர் சாப்பிடப் போயிருந்தார். அவள் ஏணியிலிருந்து இறங்கியபோது திரைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. செருமத் தொடங்கி, பாதியில் அடக்கிக்கொள்ளும் இருமல். இயந்திரப் புகை தின்ற தொண்டை. எத்தனையோ வருஷம் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது.

துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். கை போகவில்லை. விலக்கினால் இல்லாமல் போய்விடுவானோ என்றிருந்தது.

மறுநாள் மடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உங்கம்மாவுக்கு முட்டிவலி, குழாய் ஒழுகுது, பக்கத்து வீடு கைமாறிடுச்சு என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். காற்றில்லாத மண்டபத்தில் துணி உள்வாங்கி வெளியே வந்தது.

"யார்கூடம்மா பேசறே?" என்றார் தச்சர்.

"துணிகிட்ட."

"பதில் சொல்லுதா?"

"உங்களைவிட ஒழுங்கா."

அவர் சிரித்தார். ஆனால் அதன்பிறகு விட்ட ஆணியை எடுக்கக்கூட அந்த அறைப் பக்கம் போகவில்லை.

அன்றைக்கே அவள் மெழுகு நூலை இரட்டையாகக் கோத்து, நடுத்தையலை இறுக்கிப் போட்டாள்.

கூட்டத்தன்று போதகர் ஒவ்வோர் இடமாக விளக்கிக்கொண்டு வந்தார். பலிபீடத்தில் சிலுவை, விளக்கில் கிறிஸ்துவின் வெளிச்சம், அப்பத்தில் அவருடைய சரீரம். திரைக்கு வந்ததும் தச்சர் கயிற்றை இழுத்தார். கிழியவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மரச்சட்டம்தான் முனகியது.

"நீதானே?" என்றாள் பக்கத்திலிருந்த மாமியார், காதோடு.

"ஆமா, அத்தை."

"உள்ளே அவன் இருக்கான்னு நெனைக்கிறியா?"

அவள் திரையையே பார்த்தாள்.

"அன்னைக்கு உனக்குச் சோறு எடுத்துட்டு வந்தேன். நீ பேசினதைக் கேட்டேன். ரொம்ப நேரம் நின்னேன்டி, பெத்தவ எனக்கு ஒண்ணும் கேக்கல." கிழவியின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. "போய்ப் பாரு. இருந்தா கூட்டிட்டு வா. இல்லன்னா என்னை அழ விடு. நீ அழாம நான் எப்படி அழறது?"

தையற்காரி எழுந்தாள். கத்தரிக்கோலோடு ஏணியில் ஏறி, உச்சியிலிருந்து இழை இழையாக அறுத்தாள். பாதிக்குமேல் துணி தன் கனத்திலேயே பிரிந்து தரைவரை இறங்கியது.

உள்ளே பசைவாடை. இருட்டு. நான்கு சுவர்கள்.

மூலை மூலையாகத் தடவிப் பார்த்தாள். அவன் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள். பலகை அவள் குரலையே திருப்பிக் கொடுத்தது. தரையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மாமியார் அவள் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

போதகர் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் கிழிந்த துணிக்கு அருகே வந்து நின்றார்.

"ஐயா," என்றாள் மாமியார் உள்ளிருந்தே, "வர்ற ஞாயித்துக்கிழமை எம்புள்ளைக்கு ஆராதனை வெச்சுடலாமா?"

அவர் பதில் சொல்லுமுன் மருமகள், "வெச்சுடலாம், அத்தை," என்றாள்.